ஓரம்

காவேரிப்பட்டணத்தில் மஞ்சள் நல்ல செய்தி.
கூழ் ஆலை வாசலில் டெம்போ டெம்போவாய்
பெங்களூராவை அமுக்கி, முகர்ந்து, விலை சொல்கிறார்கள்.
மொட்டைமாடியில்,
கொதிகலன் ஆவி படாத மூலையாகப் பார்த்து
நான் வைத்த பன்னிரண்டு சில்லுகள் மட்டும்
கறுப்பாகவே இருக்க வேண்டும்.

மயிரிழையில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாத
பெரோவ்ஸ்கைட் படலம்.
கத்திரி வெயிலைத் தாங்கிவிட்டது.
முதல் மழைக்கு மறுநாள்
ஏழாம் எண்ணின் ஓரத்தில் நக அளவு மஞ்சள்.

"பழுத்துடுச்சு மேடம்"
ஏணியைப் பிடித்தபடி முனிரத்தினம்.
சிரித்தேன். அப்புறம் மீட்டரைப் பார்த்தேன்.

எண்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்
எங்கள் கணக்கில் அது செத்தது.
அறுநூற்றுப் பதினோரு மணி நேரம்.
ஆயிரம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

பிரித்துப் பார்த்தால்
கண்ணாடியில் குறையில்லை, பசையில் குறையில்லை.
மின்சாரம் வெளியே வர நானே விட்ட
கம்பித் துளை வழியாக
ஈரம் உள்ளே போயிருக்கிறது.

எட்டாம் எண்ணுக்கு ப்யூட்டைல் பட்டையை
இரண்டு சுற்று அழுத்தி ஒட்டுகிறேன்.
ஒன்பதுக்கு என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை.

"இது எத்தனை நாள் தாங்கும் மேடம்?"

இருபத்தைந்து வருடம் என்று சொல்ல வாய் வரவில்லை.
மேற்கே மேகம்.
"இன்னிக்கு ராத்திரி" என்றேன்.