இறங்காத பையன்

ஷெபாய்கன் நூலகத்தின் கீழ்த்தளம்.
வெந்நீர்க் குழாய் இருமிக்கொண்டிருக்கிறது.
ஏழு நாற்காலி போட்டேன்,
ஐந்து பேர் வந்தார்கள்.
மேசையில் அந்த நாவல்.
என் அம்மா பிறந்த வருடம் அச்சானது,
அன்று பிடித்த சண்டை இன்னும் ஓயவில்லை.

கதை இவ்வளவுதான்:
பள்ளிக்கூடம் போகிறேன் என்று கிளம்பிய பதினாறு வயதுப் பையன்
ஏரியைக் கடக்கும் படகில் ஏறுகிறான்.
அக்கரையில் இறங்குவதில்லை.
இக்கரைக்குத் திரும்பியும் இறங்குவதில்லை.
மூன்று பகல், மூன்று இரவு.
தொலைபேசிக்குப் போதுமான சில்லறை
சட்டைப்பையில் இருக்கிறது.
எண்ணுகிறான். மறுபடி எண்ணுகிறான்.

"அந்தச் சில்லறைதான் எனக்கு ஆகவே ஆகாது"
என்று தொடங்கினார் வில்மர்,
இருபத்தாறு வருடம் இதையே பாடமாக நடத்தியவர்.
"ஒரு காசு போட்டால் அவன் அம்மா எடுப்பாள்.
கொழுப்பு, வேறென்ன?
இருபத்தாறு தடவையும்
முதுகில் ஒன்று வைக்கத்தான் தோன்றியது."

லோரைன் பிஸ்கட்டை உடைத்தபடி இருந்தாள், தின்னவில்லை.
பல் மருத்துவரிடம் கணக்கெழுதுபவள்.
பதினைந்து வயதில் இந்தப் புத்தகத்தைத்
தலையணை உறைக்குள் செருகித் தூங்கினாளாம்.
"எடுத்தால் என்ன சொல்வான், வில்மர்?
படகில் இருக்கிறேன் என்றா?
சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தபோதே
யாரும் எடுக்கவில்லையே."

க்ளெய்டன் பாதிதான் படித்திருந்தார்.
இருவருக்கும் தலையாட்டினார்.

யேர் வாங் இங்கிருந்து நேராக இரவு வேலைக்குப் போகவேண்டியவள்,
குளியல்தொட்டி ஆலையின் நீலச் சட்டையோடே வந்திருந்தாள்.
வயது பத்தொன்பது.
"பதினொரு வயதில்
மருத்துவர் சொன்னதை
எங்கள் மொழியில் அம்மாவுக்குச் சொன்னேன்.
கட்டி என்பதற்கு எனக்குச் சொல் தெரியவில்லை.
உள்ளே ஒரு கல் என்றேன்.
வாடகைக் கடிதம், பள்ளிக் கடிதம், கரண்ட் பில்,
எல்லாம் நான்தான் படித்துச் சொல்லவேண்டும்.
மூன்று நாள் சும்மா மிதக்க
இவனுக்கு யார் லீவு கொடுத்தது?"

சபாஷ் என்பதுபோல் வில்மர் மேசையைத் தட்டினார்.
அவள் திரும்பிப் பார்த்தாள்.
"உங்கள் கட்சி இல்லை நான்."
தட்டிய கை மடியில் இறங்கிக்கொண்டது.

ஹுல்டா அதுவரை வாய் திறக்கவில்லை,
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
"நூற்றுப் பதினெட்டாம் பக்கம் தப்பு" என்றார்.
"ஜனவரி ராத்திரியில்
கையுறை இல்லாமல் அந்தக் கம்பியைப் பிடித்து
நின்றுகொண்டே இருக்கிறான் என்று எழுதியிருக்கிறது.
முடியாது.
தோல் ஒட்டிக்கொள்ளும்.
பிய்த்துத்தான் எடுக்கவேண்டும்."

எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.
குழாய் இரண்டு முறை இருமியது.
உடைந்த பிஸ்கட்டை
லோரைன் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.
அடுத்த மாதம் துப்பறியும் கதை ஏதாவது வைக்கலாமே
என்றார் க்ளெய்டன்.

நான் கட்சி சேர்வதில்லை.
சம்பளம் நாற்காலி போடுவதற்கு.
ஒளிப்பானேன்,
எனக்கு அந்தப் பையனைவிட
படகில் காப்பி விற்கும் பெண்ணைத்தான் பிடிக்கும்.
மூன்றாம் நாள் காசு வாங்காமல் கோப்பையை நீட்டுகிறாள்.
ஒரே வரி. அப்புறம் அவள் வருவதே இல்லை.

ஐந்து பிரதி கொடுத்திருந்தேன், நான்கு திரும்பின.
வில்மருடையதில் ஓரமெல்லாம் சிவப்பு மை, பழக்கதோஷம்.
அச்சுப்பிழைகூட இரண்டு திருத்தியிருந்தார்.
யேருடைய பிரதி
ஆறு வாரமாக வரவில்லை.

கெடு தாண்டியவர்களுக்குக் கடிதம் அனுப்புவது
என் செவ்வாய்க்கிழமை வேலை.
அவளுக்கான உறை மட்டும்
இழுப்பறையில் கிடக்கிறது,
முகவரி எழுதி, தபால்தலை ஒட்டாமல்.

அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் போனால்
அதையும் அவள்தானே
படித்துச் சொல்லவேண்டும்.