தையல் இல்லாதது

பேட்டை ரயில்வே கேட் தாண்டி
செய்யது மசூதுவின் யார்டில்
குழாய்களின் வாய்க்குள் நுழைந்த வெயில்
மறுமுனையில் காசுகாசாய்க் கிடக்கிறது.

"ரெண்டு இஞ்சுதானேம்மா,
இதைக் கொண்டு போங்க."
கறுப்பு வார்னிஷ், முகம் தெரியும்.
உள்ளே விரலை விட்டுத் தடவுகிறேன்.
இருக்கிறது தையல்,
ஒரு மயிரிழை மேடு,
இந்த முனையிலிருந்து விரல் போகும் மட்டும்.

தண்ணீர் போக இது போதும்.
பந்தல்காலுக்கு, மாடிப்படிக் கைப்பிடிக்கு
இதைவிட மலிவானதே போதும்.
எனக்கு நீராவி.
ஏழு கிலோ அழுத்தம், விடிய விடிய,
நெல் அவிக்கும் தொட்டிகளுக்கு.

போன புரட்டாசியில்
இப்படி ஒரு தையல்தான் விட்டது.
சத்தம் கேட்டு ஓடிவருமுன்
பேராச்சிக்கு முழங்கை வரை வெந்திருந்தது.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
தொடைத் தோலை எடுத்துக் கையில் வைத்தார்கள்.
அங்கேயும் தையல்.
அது பிடித்துக்கொண்டது.

மதிலோரம் வேறொரு அடுக்கு.
ஐப்பசி மழை நனைத்து
மேலெல்லாம் தேரி மண் நிறம்.
"அது துரு ஏறிட்டும்மா."
"தொடச்சா போற துரு, பாய்."

வெர்னியர் வைத்தேன்: ஐந்தரை மில்லி.
சுற்றித் திருப்பி வைத்தேன்: ஐந்தரை.
முந்தானையால் தேய்த்துத் தேய்த்து
மங்கிய எண்ணைச் சான்றிதழோடு
ஒவ்வோர் இலக்கமாய் ஒத்துப் பார்த்தேன்.
பதினான்கில் பதிமூன்று சரி.
ஒன்று யார் பெற்ற பிள்ளையோ,
தனியே எடுத்து வைக்கச் சொன்னேன்.

நூறு பங்கு இரும்புக்குக்
கால் பங்கு கரி என்கிறது தாள்.
கரி கூடினால் முறுக்கு,
வெல்டிங்குக்கு இடங்கொடாது.
குறைந்தால் குழைவு.
தட்டிப் பார்த்து வாங்க
இது தேங்காய் இல்லை.

முதலாளி போனில் வந்தார்.
"நாப்பத்திரண்டாயிரம் கூட வருதே, உலகம்மை.
எல்லாம் இரும்புதான?"
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது,
பின்னால் சல்லடை ஓடும் இரைச்சல்.
"சரி, ஏத்து" என்றார், கோபமாகத்தான்.

சுத்தமல்லி விலக்கு திரும்பும்போது
குழாய்களின் வால் நீட்டி ஆடியது.
டிரைவர் கட்டியிருந்த சிவப்புத் துணி
பாதியில் எங்கோ பறந்துவிட்டது.

அடுத்த வாரம் கண்ணாடிப் பஞ்சு சுற்றி
அலுமினியத் தகடு போர்த்தி மூடிவிடுவோம்.
எந்தக் குழாய் என்று யாருக்கும் தெரியாது.
பேராச்சி வேலைக்கு வந்துவிட்டாள்.
லைனுக்கு அடியில் நடக்காமல்
களத்தை ஒரு சுற்றுச் சுற்றித்தான்
தண்ணீர் குடிக்கப் போகிறாள்.
புதுசு போட்ட பிறகும் அப்படித்தான் போவாள்.

இன்னும் ஒரு குழாய் குறைகிறது.
செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் பாய்.