அப்பத்தின் ஜெபத்தில் தண்ணீர்

சனி இரவு. கராஜில், கோதுமை வாளிகளுக்கு நடுவே
பள்ளி கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றைத்
திறந்து போட்டிருக்கிறேன்.
கஷ்டகாலத்துக்கென்று தானியம் சேர்க்கச் சொன்ன சபை
பழைய மதர்போர்டுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
அவற்றை நானாகச் சேர்க்கிறேன்.
மஃபின் தட்டின் பன்னிரண்டு குழிகளில்
பன்னிரண்டு வகைத் திருகாணி.
வயிறு உப்பிய மின்தேக்கிகள் மூன்று.
ஈயம் உருகும் வாசனைக்கு எட்டிப் பார்த்த வெர்ல்
"பதினொன்று ஐம்பது" என்றார்.
என் கணவர் அவ்வளவுதான் பேசுவார்.
ஞாயிறு பிறந்தால் கைவேலை கூடாது.

பொத்தானை அழுத்துமுன் கண்ணை மூடிக்கொள்வேன்.
இதை வகுப்பில் சொல்வதில்லை. அரசுப் பள்ளி.
விசிறி சுற்றியது.
திரை கறுப்பாகவே இருந்தது.
அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போனேன்.

மறுநாள் திருவிருந்து மேசையில்
ட்ரெவின் ஹாட்ச்.
பதினாறு வயது. அண்ணனின் வெள்ளைச் சட்டை,
கழுத்தில் இரண்டு விரல் இடைவெளி.
வாரநாளில் என் மூன்றாம் பீரியட், ஜன்னலோர இருக்கை,
அடைப்புக்குறியைத் திறப்பான், மூட மறப்பான்.

எங்கள் ஜெபங்கள் பெரும்பாலும்
மனசுக்கு வந்தபடி வருபவை.
அந்த மேசையின் இரண்டு ஜெபங்களிலோ
ஒரு சொல் பிசகக் கூடாது.
அட்டையில் அச்சடித்திருக்கிறது,
முழங்காலிட்டு வாசித்தால் போதும்.
வாசித்தான்.
அப்பத்துக்கான ஜெபத்தின் பாதியில் கண் சறுக்கித்
தண்ணீருக்கான ஜெபத்தில் இறங்கிவிட்டான்.
பிஷப் தேய்ன் (வாரநாளில்
ஐடஹோ உருளைக்கிழங்குக் கிடங்கு ஒன்றின் மேலாளர்)
தலையை லேசாக அசைத்தார்.
மறுபடி முதலிலிருந்து.
இரண்டாம் முறை ஒரே ஒரு சொல்.
மறுபடி அந்தத் தலையசைப்பு.
எங்கோ ஒரு குழந்தை சீரியல் கொறிக்கும் சத்தம்
கூரைவரை கேட்டது.
அவன் காதுமடல் பீட்ரூட்டாய்ச் சிவந்திருந்தது.

நான் ஏழாம் வரிசையில்.
ஒரு நாளைக்கு நூற்று நாற்பது பிள்ளைகளின் நிரல்களில்
விட்டுப்போன அரைப்புள்ளியை
விரல் வைத்துக் காட்டுகிறவள்.
இங்கே எழுந்துபோய் அந்த அட்டையில் விரல் வைக்க
எனக்கு இடமில்லை. அந்த மேசை பெண்களுக்கல்ல.
சில ஞாயிறுகளில் அது வலித்ததுண்டு.
அன்று வலிக்க நேரமில்லை.
உதட்டை மட்டும் அசைத்தேன்,
சத்தமில்லாமல், சொல் சொல்லாக.
பக்கத்தில் ஆர்லீன் கிறிஸ்டென்சனின் உதடும் அசைகிறது.
முன்வரிசையில் கிழட்டுத் தாடைகள் அசைகின்றன.
சென்ற வருஷம் இதே மேசையில் தடுமாறிய பையன்
மூச்சை அடக்கிக்கொண்டு அசைக்கிறான்.
இருநூறு பேர் ஒருவனுக்கு
ஓசையின்றி எடுத்துக்கொடுக்கிறோம்.
அவன் அட்டையை விட்டுக் கண் எடுக்கவில்லை.
அவனுக்கு இது தெரியாது. நானும் சொல்லப் போவதில்லை.

மூன்றாம் முறை வந்துவிட்டது.
ஆமென் வழக்கத்தைவிடச் சற்று உரக்க.
அப்பம் வரிசை வரிசையாக வந்தது:
கடையில் வாங்கிய வெள்ளை ரொட்டி, ஓரம் காய்ந்து.
கம்ப்யூட்டரும் காத்திருக்கும்தான்.
பிழையை வரி எண்ணோடு சொல்லிவிட்டு
நூறு தடவை வேண்டுமானாலும் காத்திருக்கும்.
அதற்கு முதுகு வியர்ப்பதில்லை.

திங்கள், மூன்றாம் பீரியட். ட்ரெவின் கை தூக்கினான்.
"மிஸஸ் யோர்கென்சன், ஒரே தடவையில ஓடிடுச்சு."
முகத்தில் சந்தோஷமில்லை.
"எங்கேயோ தப்பு இருக்கணும்."
இருந்தது.
நாற்பத்தோராம் வரியில்,
கழித்தலுக்குப் பதில் கூட்டல்.
அதற்குள் மணி அடித்துவிட்டது.
அவன் எழுந்திருக்கவில்லை.

கராஜில் அந்தத் திரை இன்னும் கறுப்பு.
ரேமைக் கழற்றித் துடைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டும்.
இன்றிரவு முடியாது,
திங்கள் இரவு எங்களில் குடும்பத்துக்கானது.
செவ்வாய் பார்க்கலாம்.
அது ஓடினால் அவனுக்குத்தான்.