மீதி

சர்க்கரை இருநூற்று நாற்பது என்று
பெரியாஸ்பத்திரியில் சொன்ன மறுநாளும்
முதல் சிங்கிளுக்கு நான்தான் விசில் ஊதினேன்.
டிக்கெட் பையில் சில்லறைக்கு அடியில்
ஜெசிந்தா மேடம் கொடுத்த தாள்
நாலாய் மடிந்து கிடந்தது.

காலையில் ஓட்ஸ்.
மதியம் ப்ரோக்கோலி, வேகவைத்தது.
மாலை ஆப்பிள் ஒன்று, சிறியது.
ஆப்பிளுக்கு எந்த ஸ்டாப்பிங் என்று கேட்டார்
டிரைவர் அர்த்தனாரி.
நம்ம ரூட்டில் இல்லை என்றேன்.

பங்குனி.
அடிவாரத்தில் தார் இளகும்.
ஏழாம் கொண்டை ஊசியில் சட்டை காயும்.
பதினாலு தாண்டினால்
முந்தாநாள் பெய்த ஒரே மழைக்கு
காப்பித் தோட்டம் மொத்தமும் வெளுத்துப் பூத்து
வாசம் பஸ்ஸுக்குள் ஏறிவிடும்
டிக்கெட் எடுக்காமல்.

இருபது வருஷம்
கூடை என்றால் எனக்கு லக்கேஜ்.
அன்று இறங்கும் சிங்கிளில்
நாகலூர் வெள்ளச்சியின் கூடைத் துணியை
விலக்கிப் பார்த்தேன்.
முள் இன்னும் முள்ளாகாத பலாப்பிஞ்சு.
பனி காயாத சௌசௌ.
பட்டர் பீன்ஸ். ஓரத்தில் ஒரு கட்டு கீரை.
இது என்ன கீரை?
கீரைதான்.
பேரு?
தின்கிற கீரை.
நீங்க என்ன சாப்பிடுவீங்க?
வித்தது போக மிச்சத்த.

லக்கேஜ் பத்து ரூபாய் கிழித்தேன்.
கீரைக்கு இருபது கொடுத்தேன்.

வீட்டில் சம்பூர்ணம்
பலாப்பால் கையில் ஒட்டுது என்று
மூன்று நாள் திட்டினாள்,
நாலாம் நாள் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கினாள்.
டிப்போ வேம்பு உதிர்த்த பூவை
அர்த்தனாரி துண்டில் கட்டித் தந்தார், ரசத்துக்கு.
டீயும் பன்னும் இறங்கிய வேளையில்
வெள்ளரிப்பிஞ்சு ஏறியது,
உப்பு இல்லாமல். அது கொஞ்சம் கஷ்டம்தான்.
ஒரு நாள் பரோட்டாவும் தின்றேன்.
எல்லாவற்றையும் அந்தத் தாளின் முதுகில்
டிரிப் ஷீட் மாதிரி எழுதிவைத்தேன்,
பரோட்டா உட்பட.

ஜெசிந்தா மேடம் முன்பக்கம் பார்க்கவில்லை.
முதுகைத்தான் படித்தார், இரண்டு தடவை.
கீரை எவ்வளவு?
ஒரு கை.
யார் கை?
சம்பூர்ணத்தின் கை.
அதையும் எழுதிக்கொண்டார்.
நூற்று எண்பத்தொன்று. இன்னும் இறங்கணும் என்றார்.
இறங்குகிறவர்களை முன்னாலே வரச்சொல்லிக்
கத்திப் பழகிய வாய்,
சும்மா இருந்தது.

எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினேன்.
சித்திரை வருதுங்க மேடம்.
அவரும் சேலத்துக்காரர்தான், புரிந்துகொண்டார்.
மாத்திரைச் சீட்டின் ஓரத்தில் எழுதினார்:
ஒரு கன்னம். தினமும் இல்லை.
சோற்றோடு இல்லவே இல்லை.

கன்னங்குறிச்சி வீட்டில்
மார்க்கெட்டுக்கு வந்த முதல் செந்தூரா.
தண்ணீரில் மிதந்து மிதந்து
சம்பூர்ணத்தின் கத்திக்கு வந்தது.
ஒரு கன்னம் எனக்கு.
மறுகன்னத்தை மகள் எடுத்துக்கொண்டாள்.
கொட்டையை யாரும் எனக்கு நீட்டவில்லை,
நானும் கேட்கவில்லை.
மெல்லத் தின்றேன், தோலோடு.
இருபது வளைவும் ஏறி இறங்குகிற நேரம் ஆனது.

பிறகு, சில்லறை இல்லாத நாளில்
பயணியின் டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதுவேனே,
அதுபோல ஒரு டிக்கெட் கிழித்து எழுதி
பைக்குள் போட்டுக்கொண்டேன்:

மீதி, ஒரு கன்னம்.