திங்கட்கிழமை மூக்கு

ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு மேசை,
மணல் நிரப்பிய சிவப்பு வாளி நான்கு,
நனைத்துப் பிழிந்த சாக்கு.
மனு கொடுக்க வருகிறவர்களின்
தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்ப்பது
என் வேலை.

பதிவேட்டில் இதற்கு 'நுழைவாயில் சோதனை' என்று பெயர்.
மோப்ப நாயை மனுநாளில் கூட்டி வருவதில்லை,
கூட்டத்தைப் பார்த்தால் குரைக்கிறதாம்.
ஆயுதப்படையில் என்னை
'மூக்கு வந்தாச்சா' என்றுதான் கேட்பார்கள்.

போன ஆடியில் ஒருத்தி பால்புட்டியில் கொண்டுவந்தாள்.
இடுப்பில் பிள்ளை.
ரப்பரைக் கழற்றியதும் எனக்குக் கண் எரிந்தது.
பட்டாவில் பெயர் மாற்றணும், அவ்வளவுதான்;
ஏழு வருடமாகத் திருமங்கலத்துக்கும் இங்கேயுமாக
நடந்திருக்கிறாள்.
அவளைக் கண்டுபிடித்ததற்கு எனக்கு
இருநூறு ரூபாய் வெகுமதி.
தீபாவளிக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு எல்லாமே மூக்குக்குள் ஏறிக்கொண்டது:
பேரையூர்க்காரர்களின் சீரகத் தண்ணீர்,
மூன்று பஸ் மாறியதில் புளித்த மோர்,
மனுவை மடித்து வைத்த மஞ்சப்பையில்
நேற்றைய கருவாடு.
மூடியைத் திறந்து நீட்டும்போது
யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.
நானும்.

நேற்று பதினொன்றே காலுக்கு
முனிச்சாலை ஜெராக்ஸ் கடை துளசிராம்.
ஊரார் மனுவையெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தவர்
முதல்முறையாகத் தன்னுடையதோடு வந்திருந்தார்.
கையில் சோடா பாட்டில். உள்ளே பாதிக்கு, டீ நிறத்தில்.

'திறங்க.'
'திறந்தா நாறும்மா.'

திறந்தார். நாறியது.
'எங்க தெருக் குடிதண்ணிதான்.
கலெக்டர் மேசையில வைக்கணும், அதுக்குத்தான்.'

கூடவே ஒரு கட்டுக் கடிதம்; ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல்.
குழாய் மாநகராட்சியுடையது.
தண்ணீர் வாரியத்துடையது.
கலந்திருப்பது பாதாளச் சாக்கடைப் பிரிவினுடையது;
அந்தப் பிரிவோ இரண்டு வருடம் முன்பே
வேறொரு கட்டடத்துக்கு மாறி
அங்கேயும் கலைக்கப்பட்டுவிட்டது.
தோண்டிப் பார்க்கலாமென்றால்
சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாம்.
அவர்கள் வந்து அளந்து
இல்லை, பாதிதான் என்று எழுதியிருக்கிறார்கள்.
எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி முடிகிறது:
'தங்கள் தகவலுக்காக.'

என் மேசைக் கண்ணாடிக்கடியில் ஒரு பட்டியல் உண்டு.
மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல், தின்னர், பூச்சிமருந்து.
சாக்கடை அதில் இல்லை.
வாக்கிடாக்கியில் ஆய்வாளரைக் கூப்பிட்டேன்.

'எரியுமா?'
'எரியாது சார்.'
'அப்ப விடு.'

விட்டேன்.
வரிசையில் முந்நூறு பேர் இருந்தார்கள்.
நாற்றம் முன்னே போக
அவருக்கு மட்டும் வழி கிடைத்தது.

அந்த நாற்றம் எனக்குத் தெரியும் என்பதை
அவரிடம் சொல்லவில்லை.
எங்கள் லைன் வீட்டுக் குழாய் விடியுமுன் நாலரைக்கு வரும்.
முதல் இரண்டு குடத்தை அப்படியே வாய்க்காலில் ஊற்றிவிடுவோம்.
தண்ணீர் என்றால் முதலில் கொட்டவேண்டியது என்றே
என் மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.
காக்கி போட்டவர்கள் திங்கட்கிழமை வரிசையில் நிற்க முடியாது.
உரிய வழியாக, மேலதிகாரி மூலமாகத்தான்;
அந்த வழியில் நான் போட்ட மனு
எந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறதோ.

இரண்டு மணிக்குத் துளசிராம் வெளியே வந்தார்.
மனுவில் ஒட்டவேண்டிய எண்ணைப்
பாட்டிலில் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள்.
'மாநகராட்சிக்கு அனுப்புறாங்களாம்' என்றார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை.
வெளியே போகிறவர்களைச் சோதிக்கும் வழக்கம் இல்லை.
பாட்டிலை மணல் வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு
பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இன்று நாலரைக்குக்
குழாய் இருமி, காற்றைத் துப்பி, வந்தது.
கை குடத்தை வைப்பதற்குள்
மூக்கு குனிந்துவிட்டது.
யாரும் கேட்கவில்லை.
'எரியாது சார்' என்றேன்.