ஓங்கல்

தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலடியில் கிடந்த ஒலிவாங்கி
பதினொரு நாள் கேட்டதை
கோத்தகிரியில் உட்கார்ந்து நான் கேட்கிறேன்,
காலில் இரண்டு ஜோடி சாக்ஸ்,
எதிர்வீட்டை விழுங்கிவிட்ட மூடுபனி.

முதலில் இறால். எப்போதும் இறால்.
காய்ந்த எண்ணெயில் கடுகு போல
விடாமல் பொரிகிற கடல்.
அதன்மேல் மச்சாதுவின் படகு இன்ஜின்,
போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை.
பிறகு நாலாம் நாள்
பின்னிரவு இரண்டு பதினேழுக்கு
ஒரு விசில்.
பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறேன்.

ஒரே ஓங்கல் நூறு தடவை கூப்பிட்டதா,
நூறு ஓங்கல் ஒவ்வொரு தடவையா?
ஒன்று மணிக்கு எத்தனை முறை கூப்பிடும்,
கூப்பிட்டதில் எத்தனை பங்கு காதில் விழும்,
இரண்டாலும் வகுக்க வேண்டும்.
வாய் திறக்காமல் கடந்து போனதை
எதனால் வகுப்பது?

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்
ஜூனில் குடிவந்தார்கள்.
பழக்கதோஷம், இருமலை வைத்து எண்ணினேன்:
கனத்தது ஒன்று, வறட்டு இருமல் ஒன்று,
குக்கர் சத்தத்துக்கு ஓடும் கால்கள்.
மூன்று என்று எழுதிவைத்தேன்.
அக்டோபரில் சிலிண்டர் கடன் கேட்டுப் போனால்
ஐந்து பேர்.
டீ ஃபேக்டரி நைட் ஷிப்ட் முடித்து
பகலெல்லாம் தூங்குகிறவர் ஒருவர்.
இன்னொருத்தி ஹெலன் ரூபி, ஆறு வயசிருக்கும்,
கதவிடுக்கில் நின்று
என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனையே பார்த்தாள்.
நாலு மாதம் என் சுவரோரம் இருந்திருக்கிறாள்.
அவள் கணக்கில் ஒரு சத்தமும் என்னிடம் இல்லை.

காதில் மாட்டிவிட்டேன்.
இறாலைக் கேட்டு,
"மழை" என்றாள்.

மூன்றுக்கு ஐந்து.
அந்த விகிதத்தைக் கடலுக்குப் போடக்கூடாது, தெரியும்.
இரவில் போட்டுப் பார்த்தேன்.

"எத்தனைன்னு சொல்லுங்க மேடம், ஆபீஸ்ல கேக்குறாக,"
மச்சாது போனில்.
இருபத்தாறிலிருந்து நூற்று நாற்பது வரை என்றேன்.
"ஏலத்துல மீனுக்குக்கூட
இம்புட்டு அகலமா விலை சொல்ல மாட்டாம்."
சிரித்தார். நானும்.
அகராதியில் ஓங்கல் என்றால் மலை என்றும் இருக்கிறது,
அதைச் சொல்ல நினைத்து
சிக்னல் போய்விட்டது.

கரண்டும் போய்விட்டது.
தகரத்தில் பொரிகிறது மழை.
சுவருக்கு அந்தப் பக்கம்
இருமல் இல்லை, குக்கர் இல்லை.
ஐந்து பேர்.