பக்கவாய்க்கால்

முதலில் எலும்பைக் கழற்றினேன்.
ஒரு சொடுக்கு. தொடையெலும்பு, முழங்காற்சில்லு, கணுக்கால்
எல்லாம் திரையை விட்டுப் போயின.
மிஞ்சியது தவசீலனின் குருதி மட்டும்.
வயது முப்பத்து நாலு, வவுணதீவு,
உழவு மெசின் ஓட்டுகிறார்,
நாளுக்கு இரண்டு பெட்டி சிகரெட்.

முழங்காலுக்குக் கீழே நாடி நின்றுவிட்டது.
பிறகு கறுப்பு. விரல்நுனி வரை கறுப்பு.

ஆனால் மேசையில் காலை நேராக்கும்போது
நான் தொட்ட பாதம் இளஞ்சூடு.
"மருந்து ஏறுது, சலம் போன மாதிரி இருக்கும், பயப்படாதீங்க."
"போயிட்டுது போல, மிஸ்" என்று சிரித்த மனிதர்.
கறுப்புக்குள் கிடக்கும் காலுக்கு
எங்கிருந்து வந்தது சூடு?

எல்லைக்கோட்டை இழுத்துக் குறைத்தேன்.
நூற்றைம்பது. நூற்றிருபது. தொண்ணூறு.
இரைச்சலென்று நானே எறிந்த புள்ளிகள்
ஒன்றோடொன்று தொடுபட்டு,
மயிரிழைத் தடிப்பில், சுருள் சுருளாய்
அடைப்பைச் சுற்றிக் கிறுகி
இறங்கிக்கொண்டிருந்தன.

முகத்துவாரம் மண்மூடிக் கிடக்கையில்
வெட்ட ஆள் வரும்வரை
வாவி சும்மாவா இருக்கிறது?
வயலுக்குள் ஏறும். வவுணதீவு றோட்டைக் கடக்கும்.

சிவப்பு நான் போட்டது.
ஸ்கேன் தந்தது சாம்பல் மட்டும்.

சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தவர்
கண்ணாடிக்கு அப்பால் குனிந்து பார்த்தார்.
"இதுவா மிஸ் என்ட கால்?
என்னெண்டு இப்பிடி முறுகிக் கிடக்கு?"
ஃபோனை எடுத்தார், படம் பிடிக்க விடவில்லை.
மற்றக் கை தன்பாட்டில்
பொக்கற்றைத் தடவியது, பெட்டியை, லைட்டரை.
தடவி
அங்கேயே நின்றது.